வெந்நீரில் கரையும் வெள்ளை

ஜனவரி 11

அன்புள்ள உப்புமூட்டைக்கு,

நலம். நீயும் உன் குடுவைகளும் நலமா என்று அண்ணி கேட்கச் சொன்னாள். போன மாதக் காய்ச்சல் எனக்கு முழுதாக விட்டுவிட்டது. அதை விசாரித்து ஒரு பத்தியை வீணாக்காதே.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ நடுவில் புகுந்து என் வாக்கியத்தை நீயே முடித்துவிடுவாய். தவிர, இதோடு வருகிற பொட்டலத்தைப் போனில் அனுப்ப முடியாது.

பார்த்துப் பிரி. தும்மிவிடாதே. ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. சீஸின் மேலிருந்து நகத்தால் சுரண்டியது. எங்கள் ஆலையின் குளிர் அறையில் நான் இரண்டு வருஷமாக முதிரவிட்ட சரக்கு உனக்கு நினைவிருக்கும். ஒரு வருஷத்தில் விற்றுவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது, இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். இப்போது கட்டி கட்டியாக, உறைக்கு அடியில், சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை பூத்திருக்கிறது.

மேலாளர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "பூசணம்." அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கறார். மார்ச்சில் பெரிய கொள்முதல்காரர் ஒருவர் வருகிறார். அதற்குள் இது பூசணம் இல்லை என்று நான் காட்டவேண்டும். இல்லாவிட்டால் மொத்தச் சரக்கும் குழிக்குப் போகும். சரக்கோடு நானும் போவேன். அதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ஆனால் கேள். ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தேன். நறநற என்கிறது. மணல் இல்லை. நாக்கில் வைத்துக் காத்திருந்தால் காணாமல் போகிறது! பூசணம் எங்காவது நறநறக்குமா? உனக்குப் படிக்கத் தந்த பணமெல்லாம் இந்த ஒரு பொடிக்காகத்தான் என்று வைத்துக்கொள். கண்டுபிடி.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அண்ணன்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். குடுவைகள் நலம். அண்ணிக்கு என் முத்தம்.

பூசணம் இல்லை.

முதல் வரியிலேயே இதை எழுதியிருக்க வேண்டும். மரியாதைக்கு நலம் விசாரித்தேன்.

நுண்ணோக்கியில் வைத்தேன். பூசணமாக இருந்தால் நூல் நூலாக ஓடும். இங்கே நூல் இல்லை. ஊசிகள். ஒரு புள்ளியிலிருந்து விசிறி போல விரிகிற ஊசிகள். பக்கத்து மேஜைக்காரி, "யாருடி வந்திருக்கா, இப்படிச் சிரிக்கிற?" என்றாள். எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தேன். அவளும் சிரித்தாள்.

பிறகு குளிர்ந்த நீர் ஒரு சொட்டு. ஊசிகள் சோம்பலாகக் கரைந்தன, பாதியில் நின்றன. வெந்நீர் ஒரு சொட்டு. போயே போய்விட்டன.

இது கால்சியம் லாக்டேட்தான் என்று நினைக்கிறேன். பாலில் கால்சியம் பெரும்பாலும் புரதத்தைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது. நீ சேர்க்கும் கிருமிகள் பாலின் சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏற ஏறக் கால்சியம் புரதத்தை விட்டுக் கழன்று சீஸின் ஈரத்துக்குள் வந்துவிடுகிறது. அங்கே புளிப்போடு சேர்ந்து ஓர் உப்பாகிறது. ஈரம் தாங்குகிற மட்டும் கரைந்திருக்கும். குளிரக் குளிரத் தாங்குகிற அளவு குறையும். தாங்காத மிச்சம் வெளியே வந்து உட்காரும். வயது போகப் போக வேறு கிருமிகள் அந்த உப்பை, கரைய இன்னும் முரண்டு பிடிக்கிற உருவத்துக்கு மாற்றிவிடும். நீ ஒற்றைக்காலில் நின்றாயே, அந்த இரண்டாவது வருஷத்தின் வேலை.

கறாருக்குக் காட்ட வீட்டிலேயே ஒரு சோதனை. பொடியை வெந்நீரில் கரை. இரண்டு சிட்டிகை சலவை சோடா போடு. பால் போலக் கலங்கினால் கால்சியம் இருக்கிறது. மேலே வினிகர் விடு. நுரைத்துத் தெளிந்துவிடும்.

ஒன்றுதான் புரியவில்லை. உன்னை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கதவைத் திறக்கும்போதே எந்தத் தட்டில் எது கெட்டது என்று சொல்கிறவன் நீ. பூசண வாடை உனக்கு அரை மூச்சு வேலை. இதற்கு ஏன் என் நுண்ணோக்கி?

சிரிப்பு இன்னும் அடங்காத,
உப்புமூட்டை


ஜனவரி 28

அன்புள்ள உப்புமூட்டைக்கு,

நலம், நலம்.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். அப்போதே சோதனை செய்தாக வேண்டும் என்று அண்ணி பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். வெந்நீர், பொடி, சோடா. பால் போலக் கலங்கியது! நான் கையைத் தட்டினேன். அண்ணி தட்டவில்லை. இன்னொரு தம்ளரில் பொடி போடாமல் சோடாவை மட்டும் போட்டாள். அதுவும் கலங்கியது.

"வெறுந்தண்ணியே கலங்குதே. அப்ப நம்ம குழாயிலயும் சீஸா வருது?"

பிறகு அவளே சொன்னாள், எங்கள் கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டுகிறதே, அதுவும் கால்சியமாக இருக்கும் என்று. குழாய்த் தண்ணீரிலேயே கால்சியம். நீ சொல்லித் தரவில்லை பார். பக்கத்து வீட்டில் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு குவளை கடன் வாங்கினோம். இப்போது சோடா மட்டும் போட்ட தம்ளர் தெளிவாக நின்றது. பொடி போட்ட தம்ளர் கலங்கியது. வினிகர் விட்டதும் புஸ்ஸென்று பொங்கித் தெளிந்தது. அண்ணி அப்போதுதான் கை தட்டினாள். ஆராய்ச்சிக்குப் போகவேண்டியவள் அவள். உன்னைத் தவறி அனுப்பிவிட்டோம்.

மறுநாள் தம்ளர்களையே தூக்கிக்கொண்டு போய்க் கறாரின் மேஜையில் செய்து காட்டினேன். மனுஷன் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கெமிஸ்ட்ரி எல்லாம் நல்லாத்தான் இருக்கு மூக்கரே. நீங்க ஒரு தடவை மோந்து பாத்து 'சரி'ன்னு சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

சளி பிடித்திருக்கிறது, மூக்கு அடைப்பு, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

அது இருக்கட்டும். ஒரு விசித்திரம். மேல் தட்டுக் கட்டிகளில் வெள்ளை அதிகம். கீழ்த் தட்டில் தேடித்தான் பார்க்கவேண்டும். ஒரே பால், ஒரே நாள், ஒரே அறை. ஏன்?

பேட்டரித் தண்ணீர்க் கடனாளி,
அண்ணன்


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணியின் வெறுந்தண்ணீர் தம்ளரைப் பற்றிப் பேராசிரியையிடம் சொன்னேன். "உங்க அண்ணிக்கு இங்க ஒரு மேஜை போடலாம்" என்றார். கிண்டல் இல்லை. எனக்குத்தான் காது சுட்டது.

மேல் தட்டு. அங்கே காற்றாடி இருக்கிறதா? குளிர்க்காற்று விட்டு விட்டு அடிக்கிறதா? அப்படியானால் கட்டி கொஞ்சம் சூடாகும், கொஞ்சம் குளிரும், மறுபடி சூடாகும். சூட்டில் சின்ன ஊசிகள் கரையும். குளிரில் திரும்பி வரும்போது புதிதாக முளைக்காமல் பெரிய ஊசிகளின் மேலேயே போய் உட்காரும். பெரியது மேலும் பெரிதாகும். இன்னொன்று, உறை எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே ஈரம் கசிந்து தேங்கும். வெள்ளை அங்கேதான் தொடங்கும். விரலால் தடவிப் பார்.

இரண்டு வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா. சுத்தமான குடுவை. சுத்தமான நீர். சுத்தமான உப்பு. எவ்வளவு கரைகிறது என்று ஒரு வரைபடம். யாருக்கும் வேண்டாத ஒரு கோடு. அந்தக் கோடு உன் மேல் தட்டில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கும்போது படிக்கட்டில் இரண்டிரண்டாக ஏறுகிறேன்.

எனக்கு முழுத் துண்டு ஒன்று வேண்டும். பொடி போதாது. அதோடு, அதன் வாசனையை எழுதி அனுப்பு. முன்பு எழுதுவாயே. ஒரு சீஸைப் பற்றி "நனைந்த கம்பளி, பின்னால் வறுத்த கொட்டை, கடைசியில் பள்ளிக்கூடச் சாக்பீஸ்" என்று எழுதியிருந்தாய். அதை என் மேஜைமேல் ஒட்டிவைத்திருந்தேன். அந்த மாதிரி.

சளி எப்படி இருக்கிறது?

மூச்சிரைக்கும்,
உப்புமூட்டை


பிப்ரவரி 17

அன்புள்ள உப்புமூட்டைக்கு,

நலம். சளி போய்விட்டது.

காற்றாடி இருக்கிறது! மேல் தட்டுக்கு நேர் எதிரே. நீ இங்கே வந்து ஒளிந்திருந்து பார்த்தாயா? உறையைத் தடவினேன். தளர்ந்த இடம் எல்லாம் வெள்ளை. இறுக்கமான இடம் எல்லாம் மஞ்சள். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்ல முடிகிறது. ஆள் வைத்துச் சோதித்தேன். சரக்கு ஏற்றுகிறவர் கட்டியை நீட்டினார், நான் கண்ணை மூடி 'வெள்ளை, வெள்ளை இல்லை' என்றேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் பயந்துபோய்ப் பின்வாங்கினார்.

துண்டு அனுப்பியிருக்கிறேன். மேல் தட்டில் கைக்குக் கிடைத்தது. கேட்டாயே, எழுதுகிறேன். கத்தி இறங்கும்போது முதலில் மெழுகு. பிறகு சட்டென்று ஒரு தடை, கண்ணாடித் தூளைத் தொட்டது போல. உடைத்தால் கூழாங்கல் மாதிரி விள்ளும். நாக்கில் உப்பும் புளிப்பும். காதுக்குப் பக்கத்தில் உடைத்துப் பார், யாரோ தூரத்தில் சரளைக்கல்லில் நடக்கிற சத்தம்.

கொள்முதல்காரர் வரும் தேதி முடிவாகிவிட்டது. மார்ச் இரண்டாவது வாரம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அண்ணன்


பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். பொட்டலம் வந்தது.

அஞ்சலகத்தில் வாங்கிப் பேருந்தில் ஏறினேன். நல்ல கூட்டம். இரண்டு நிறுத்தத்தில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. மூன்றாவதில் பக்கத்து இருக்கையும் காலியானது. எதிரே இருந்த அம்மாள் குழந்தையின் கால்சட்டையைத் தூக்கிச் சோதித்தாள். குழந்தை என்னைக் கை காட்டியது. நடத்துநர் வந்து, "பையில என்னம்மா, உயிரோட இருக்கா?" என்றார். இறங்கி நடந்தே வந்தேன்.

ஆய்வகத்தில் பிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போனாள்.

இனி வேலை. இந்தத் துண்டின் வெள்ளை வெந்நீரில் கரையவில்லை. நுண்ணோக்கியில் நூல் நூலாக ஓடுகிறது. இது பூசணம். உள்ளேயும் கெட்டிருக்கிறது. நீ முதலில் அனுப்பிய பொடி கால்சியம், அதில் சந்தேகமே இல்லை. ஆக, உன் தட்டில் இரண்டு வெள்ளை இருக்கிறது. பார்வைக்கு அக்கா தங்கை.

கொள்முதல்காரர் வருவதற்குள் ஒவ்வொரு கட்டியிலும், வெள்ளை எங்கே இருந்தாலும், ஒரு சொட்டு வெந்நீர் விடு. விரல் பொறுக்கும் சூடு போதும், அதற்கு மேல் போனால் சீஸே இளகிவிடும். கரைந்தால் வை. கரையாவிட்டால் தள்ளு. ஒன்றைக்கூட விடாதே. வேறு எதையும் நம்பாதே.

வேறொன்றும் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உப்புமூட்டை


பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே நீங்கள்? இந்தக் கடிதத்தை நீங்கள் வேலை பார்க்கும் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன், காரணம் உங்களுக்குப் புரியும்.

அண்ணன் எனக்கு அனுப்பிய சீஸ் பேருந்தையே காலி செய்தது. அவன் அதைத் தன் கையால் வெட்டி, தன் கையால் கட்டியிருக்கிறான். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறான். கத்தி, நாக்கு, விரல், காது எல்லாம் இருக்கிறது. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு வந்த கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு வாசனைகூட இல்லை.

அண்ணி, அவனுக்கு?

உங்கள்,
உப்புமூட்டை


மார்ச் 3

அன்புள்ள உப்புமூட்டைக்கு,

எல்லோரும் நலம் என்றுதான் இங்கே தினமும் சொல்லிக்கொள்கிறோம்.

ஜனவரி முதல் வாரத்தில் அடுப்பில் பால் வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போனேன். மாடிவரை தீய்ந்த வாடை. ஓடி வந்தால் உன் அண்ணன் அடுப்புக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். பாத்திரம் கரிக்கட்டை. "என்ன, அதுக்குள்ள வந்துட்ட?" என்கிறார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டேன். அவரே சொல்லட்டும் என்று இருக்கிறேன். மூக்கர் என்று கூப்பிட்டால் நிமிர்ந்து நடக்கிற மனுஷன். அதை நான் எப்படித் தொடுவது?

உன் வெந்நீர் யோசனை வந்த நாளிலிருந்து மை ஊற்றும் சொட்டுக்குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறார். நானே தண்ணீரைச் சுடவைத்துச் சூடாறாத குடுவையில் ஊற்றிக் கொடுக்கிறேன். பேட்டரித் தண்ணீர் வேண்டாமா என்று கேட்டேன். கரைகிறதா என்று பார்க்க எந்தத் தண்ணீரும் போதும் என்றார். பரவாயில்லை, அவரும் தேறிவிட்டார்.

எழுதிக்கொண்டே இரு. உன் கடிதம் வந்த அன்று விசில் அடித்துக்கொண்டு குளிக்கிறார்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 14

அன்புள்ள உப்புமூட்டைக்கு,

கையெழுத்து ஆடினால் மன்னித்துக்கொள். உட்கார்ந்து எழுத முடியவில்லை.

எல்லாக் கட்டிகளிலும் சொட்டு விட்டேன். மேல் தட்டில் ஒரே மூலையில் நான்கு கட்டிகள் கரையாமல் நின்றன. உறை கிழிந்தவை. தள்ளினேன். மற்றதெல்லாம் கரைந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் வெள்ளை பின்வாங்கி அடியில் மஞ்சள் தெரியும். பார்த்துப் பார்த்துச் சலிக்கவே இல்லை.

நேற்று கொள்முதல்காரர் வந்தார். வெள்ளையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. கறார் உடனே என் பக்கம் திரும்பினார்.

"எங்க மூக்கர் சொல்லுவார். அவர் மோந்து சொன்னா சொன்னதுதான்."

துளைக்கோலைக் கட்டியில் செருகி, நடுவிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டை உருவினேன். மூக்குக்குக் கொண்டுபோனேன். 'சரி' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் உன் பேருந்து ஞாபகம் வந்தது. அந்த நாற்றத்தை நான்தான் கட்டி அனுப்பினேன் என்பதும்.

"எனக்கு வாடை தெரியலைங்க" என்றேன். "காய்ச்சலோட போச்சு. ஒண்ணுமே தெரியல. ஆனா இது பூசணம் இல்லைன்னு உங்க கண்ணுக்கு முன்னாடியே காட்டறேன்."

கறார் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். நான் குடுவையைத் திறந்தேன். ஒரு சொட்டு. வெள்ளை கரைந்தது. தள்ளிவைத்த நான்கில் ஒன்றைக் கொண்டுவந்து அதன் மேலும் ஒரு சொட்டு. அப்படியே நின்றது. கொள்முதல்காரர் சொட்டுக்குழாயைக் கேட்டு வாங்கினார். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கட்டிகளில் அவரே விட்டுப் பார்த்தார், விளையாட்டுச் சாமான் கிடைத்தவர் மாதிரி. பிறகு ஒரு துண்டைக் கடித்தார். நறநற. இன்னொன்று கடித்தார்.

"இந்த வெள்ளையைத் தொடைச்சிடாதீங்க. இப்படியே வேணும். மொத்தமும்."

போகும்போது அந்தச் சொட்டுக்குழாயையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கதவு பூட்டும்போது கறார் கேட்டார். "இனிமே உங்களை என்னன்னு கூப்பிடறது?" அதற்குள் சரக்கு ஏற்றுகிறவர், "வெந்நீர்!" என்றார். அதுவே நிலைத்துவிட்டது. நாளை முதல் எல்லாத் தட்டுக்கும் வெந்நீர்ச் சோதனை, மோந்து பார்க்க இன்னொருவர், தீர்ப்பு என்னுடையது என்று ஏற்பாடு.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். தொண்டையைச் செருமி, தண்ணீர் குடித்து, பெரிதாக ஆரம்பித்தேன். "தெரியும்" என்றாள்.

"எப்பலேருந்து?"

"பால் தீஞ்ச அன்னிலேருந்து."

நீயும்தானே? 'வேறு எதையும் நம்பாதே' என்று எழுதினாயே. அந்த வரியில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்காமல் விட்டதற்கு நன்றி. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

வெந்நீர் என்கிற,
அண்ணன்


மார்ச் 22

அன்புள்ள வெந்நீருக்கு,

கடிதத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். பேராசிரியை கடந்து போனவர் திரும்பி வந்து, "நல்ல சேதியா கெட்ட சேதியா?" என்று கேட்டார். கரைந்துவிட்டது என்றேன். என்ன கரைந்தது என்று அவர் கேட்கவில்லை.

என் கோடு ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாகிறது. காற்றாடி, தளர்ந்த உறை, மேல் தட்டு எல்லாம் அதில் வருகின்றன. நன்றி சொல்லும் பக்கத்தில் 'வெறுந்தண்ணீர் தம்ளருக்காக' என்று அண்ணிக்குத் தனி வரி.

இதோடு நான்கு சின்னச் சீசாக்கள். எலுமிச்சை, ரோஜா, கிராம்பு, யூகலிப்டஸ். காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றாக மோந்து பார். ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டாலும் அது என்னவென்று நினைத்துக்கொண்டே மோந்து பார். சிலருக்குத் திரும்பி வருகிறதாம். எல்லோருக்கும் இல்லை. நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மருத்துவரையும் பார்த்துவிடு.

இந்தமுறை நிஜமாகவே கேட்கிறேன். நலமா?

உப்புமூட்டை


மே 30

அன்புள்ள உப்புமூட்டைக்கு,

நலமில்லை.

இன்று காலை அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். ரப்பர். எரிந்த ரப்பர். யாரோ தெருவில் டயர் கொளுத்துகிறார்கள் என்று ஜன்னலை மூடினேன். போகவில்லை. கோப்பைக்குள் குனிந்தேன். அங்கிருந்துதான் வருகிறது.

சோப்பும் ரப்பர். பல்துலக்கும் பசையும் ரப்பர். வேலைக்குப் போய்க் குளிர் அறைக் கதவைத் திறந்தேன். தட்டுத் தட்டாகச் சீஸ் முழுவதும், அடேயப்பா, ஒரு டயர்க் கிடங்கு. உள்ளே நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். கறார் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன வெந்நீர், உடம்பு சரியில்லையா?" நாறுதுங்க என்றேன். எல்லாமே நாறுது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மனுஷன் யாருக்கும் கை கொடுத்து நான் பார்த்ததில்லை.

மருத்துவர், வாசனை திரும்பும்போது சிலருக்கு இப்படிக் கோணலாகத்தான் திரும்பும், போகப் போக நேராகலாம் என்கிறார். நேராகட்டும், ஆகாமல் போகட்டும். உன் சீசாக்களில் மூன்று ரப்பர். கிராம்பு மட்டும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கிராம்பாக இருந்தது.

ஒன்று சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். சந்தோஷத்தில் அண்ணியைக் கட்டிக்கொண்டேன். அவளும் ரப்பர். அவளிடம் சொல்லவில்லை. மல்லிகை என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்

பி.கு. ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். இருந்துவிட்டுப் போகிறேன், ரப்பராகவே. — அண்ணி